முத்தாயி அம்மாளின் பத்துப் பவர் கண்ணாடி

போன மாதம் என் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். காலையில் போனவள் மத்தியானம் வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு சாப்பிட்டேன். கெட்டுப்போன லென்ஸை எடுத்துவிட்டு, உளுந்தம்பருப்பு அளவில் புதிய லென்ஸ் ஒன்றைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் நான் கடைசியாக வேலை பார்த்த கண்ணாடிக் கடைக்குப் போய் இந்தப் பிரதாபத்தைச் சொன்னேன். அந்தக் காலத்தில் லென்ஸை எடுப்பதோடு சரி, உள்ளே ஒன்றும் வைக்க மாட்டார்கள் என்றேன். அப்புறம் எப்படிப் பார்ப்பார்கள் என்று அங்கே இருக்கும் பெண்களில் ஒருத்தி கேட்டாள். சோடா போத்தலின் அடிப்பாகம் மாதிரி ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்படி ஒரு கண்ணாடிக்காக நாங்கள் பட்ட பாடு இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? எழுதி வைக்கிறேன், வேண்டுமானால் படித்துக்கொள்ளட்டும்.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. ஜப்பான்காரன் ஆட்சியில் ஆம்பிளைகளைப் பிடித்துச் சயாம் ரயில்பாதைக்கு லாரி லாரியாக அனுப்பிய காலம். பினாங்கு வீதிக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த என் அண்ணன், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் தீவை விட்டு அக்கரைக்குப் போய் ஏதோ தோட்டத்தில் ஒளிந்துகொண்டான். அவன் விட்டுப்போன சாணைக்கல்லுக்கு ஆள் வேண்டியிருந்தது. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு அடுப்புக்கு அரிசி வேண்டியிருந்தது. அப்பா இல்லாத வீடு. நான் போய் நின்றேன். பெண்பிள்ளை இந்த வேலை செய்வாளா என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையை நீட்டச் சொன்னார், நடுங்குகிறதா என்று பார்த்தார், நாளைக்கு வரச் சொன்னார்.

அவர்தான் கந்தையா சார். யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வயதுகூட இருக்காது, ஆனால் நடையிலும் பேச்சிலும் அறுபது. காலர் நைந்துபோன சட்டைக்கும் டை கட்டிக்கொண்டுதான் கடை திறப்பார். யாராவது டாக்டர் என்று கூப்பிட்டுவிட்டால், பாதி வேலையை நிறுத்தி, தான் டாக்டர் இல்லை, கண்ணாடிக்காரன் என்று திருத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார், அதுதான் எனக்கு எரிச்சல். நான் லென்ஸை உடைத்தால் அந்தத் துண்டை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “உடைஞ்சுபோச்சுது, பிள்ளை” என்பார். அது எனக்குத் தெரியாதா? இரண்டு திட்டு திட்டினால் மனசு ஆறிப்போகும். அதைச் செய்ய மாட்டார்.

அவர் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. புதுக் கண்ணாடி போட்டவர் முதலில் தெருவைத்தான் பார்க்க வேண்டும். எதிர்க்கடைப் பெயர்ப்பலகை, போகிற ரிக்‌ஷா, கூரைமேல் உட்கார்ந்திருக்கும் காகம். கூட வந்தவர்களை அதுவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். சொந்தக்காரர் முகத்தை முதலில் பார்த்துவிட்டால் மனசு குறுக்கே வந்துவிடும், தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டால் சரியான பதில் வராது என்பது அவர் கணக்கு. வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

தொழில் படித்ததைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் வயிறு புடைத்த ஒரு லென்ஸை எடுத்து, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டப் பிடித்து, மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்தார். முதலில் வெளிச்சத் திட்டு. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் எங்கள் தெரு அப்படியே சுவரில் வந்து விழுந்தது, தலைகீழாக. ரிக்‌ஷாவின் சக்கரங்கள் மேலே, வானம் கீழே, குடை பிடித்த சீனத்தி ஒருத்தி தலையால் நடந்து போனாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்காமல் அடிக்கோலை எடுத்துச் சுவருக்கும் லென்ஸுக்கும் நடுவே வைத்துக் காட்டினார். தூரத்திலிருந்து வரும் வெளிச்சத்தை லென்ஸ் வளைத்து ஒரு இடத்தில் கூட்டுகிறது. வயிறு புடைக்கப் புடைக்க வளைப்பு அதிகம், கூடும் இடமும் கிட்டே. நாற்பது அங்குலத்தில் கூட்டினால் ஒரு பவர், இருபதில் கூட்டினால் இரண்டு, நாலே அங்குலத்தில் கூட்டினால் பத்து. நம் கண்ணுக்குள்ளும் இதே லென்ஸ், இதே சுவர்தான். அங்கேயும் படம் தலைகீழாகத்தான் விழுகிறது, மூளைதான் அதை நிமிர்த்தி வைக்கிறது என்றார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது பார்ப்பதெல்லாம் கவிழ்ந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

அந்த வருஷங்களில் வெளியூரிலிருந்து ஒரு துண்டு லென்ஸ்கூட வரவில்லை. இறந்தவர்களின் கண்ணாடியை வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள், அதைத் தேய்த்து உயிரோடு இருப்பவர்களுக்குப் போட்டோம். படிக்கிற கண்ணாடிக்கான லென்ஸ் இழுப்பறையில் கொஞ்சம் கிடந்தது. பலமான பவர் என்றால் கையை விரிக்க வேண்டியதுதான்.

முத்தாயி அம்மாள் வந்தது அப்படிப்பட்ட நேரத்தில். வாசலில் ஆள் தெரிவதற்கு முன்னாலேயே வசவு கேட்டது. மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்த மருமகளையே திட்டிக்கொண்டு வந்தார். ஜப்பான் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்புதான் பெரியாஸ்பத்திரியில் அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். புண் ஆறிய பிறகு கண்ணாடி அளவெடுக்க வேண்டும். அதற்குள் குண்டு விழுந்தது, ஊரை விட்டு மலையடிவாரத்து ஆயிர் ஈத்தாமுக்கு ஓடினார்கள், கண்ணாடிப் பேச்சே அடங்கிப்போனது. இடது கண்ணிலோ புரை முற்றிப் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஆக மொத்தம் அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். ஜப்பான் சிப்பாய்கள் திரிகிற ஊரில் கல்யாணமாகாத பெண்களை வீட்டில் வைத்திருக்கப் பயந்து எல்லோரும் அவசரக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். அப்படிக் கெடாவிலிருந்து மருமகளாக வந்தவள்தான் கமலம். கட்டிக்கொடுத்த அப்பாவும் பிறகு காய்ச்சலில் போய்விட்டார். தாலி ஏறிய கொஞ்ச நாளில் அவள் புருஷனைச் சயாமுக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். மருமகளின் முகத்தை மாமியார் பார்த்ததே இல்லை.

“எனக்குக் கண்ணு வேணும் டாக்டரே” என்றார் முத்தாயி அம்மாள். “இவ என்ன திங்குறான்னு நான் பாக்கணும்.”

சார் தான் டாக்டர் இல்லை என்று திருத்தினார். கிழவி அதைக் கேட்டால்தானே! ரேஷனில் இரண்டு பேருக்கு அரிசி வருகிறது, தன் தட்டில் விழுவது ஒரு கைப்பிடி, மிச்சமெல்லாம் எங்கே போகிறது, குருடிதானே என்று இவள் வழித்துத் தின்கிறாள் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பார்வை வரட்டும், கொழுத்த உடம்போடு நின்றால் அன்றைக்கே இவளை வெளியே துரத்துவேன் என்றார்.

நான் கமலத்தைப் பார்த்தேன். கொழுத்தவளா? புடவைக்குள் ஆள் இருக்கிறாளா என்று தேட வேண்டியிருந்தது. கையில் இருந்த கண்ணாடி வளையல்கள் நிற்காமல் நழுவி விழுகின்றன என்று அவற்றை நூலால் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

வழக்கப்படி அவளை வெளியே உட்கார வைத்துவிட்டுச் சோதனை நடந்தது. ஆங்கில எழுத்துப் பலகையை மாற்றச் சொல்லி ஜப்பான்காரனின் ஆட்கள் வந்து மிரட்டியிருந்ததால், மூன்று கால் உள்ள ஒரே எழுத்தைப் பல பக்கம் திருப்பிப் போட்ட பலகையைச் சார் மாட்டியிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அதுதான் வசதி. இருட்டறை. பலகைமேல் மட்டும் வெளிச்சம் விழும்படி நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சார் சோதனைப் பெட்டியிலிருந்து லென்ஸை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, இதுவோ அதுவோ என்பார். பதில் வந்ததும், அதுவோ இதுவோ என்று மாற்றிக் கேட்பார். பத்துப் பவர் விழுந்ததும் கிழவியின் வாய் நின்றது. மூன்று விரலை நீட்டி மேலே, கீழே, பக்கவாட்டில் என்று எழுத்துகளின் கால் போகும் பக்கமெல்லாம் காட்டினார்.

சார் மூக்களவு எடுத்துக்கொண்டிருந்தபோது நான் வெளியே வந்து கமலத்திடம் கேட்டேன். அரிசி எங்கேடி போகிறது என்றேன்.

“வர்றதே அவ்வளவுதாக்கா” என்றாள். “ரெண்டாப் பிரிச்சா யாருக்கும் பத்தாது. அவங்களுக்கு ஊபி ஒத்துக்கல, வாந்தி எடுக்குறாங்க. நான் ஊபி தின்னுக்குவேன்.”

ஊபி என்கிற அந்த மரவள்ளிக்கிழங்கும் தினம் கிடைக்கிற பொருளா அப்போது? இதைக் கிழவியிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நான் சீறினேன்.

“சொன்னா சாப்பிட மாட்டாங்கக்கா. திட்டிக்கிட்டாவது சாப்பிடுறாங்கல்ல.”

நிஜமாகவே துரத்திவிட்டால் எங்கே போவாய் என்று கேட்க வந்தேன், கேட்கவில்லை. தனியாக ஒரு பெண், அந்த ஊரில், அந்த நாளில் என்ன ஆவாள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பவர் தெரிந்துவிட்டது, லென்ஸுக்கு எங்கே போவது? சோதனைப் பெட்டியில் இருக்கும் பத்தையே கொடுத்துவிடலாமே என்றேன். கொடுத்தால் நாளைக்கு வருகிற ஆளை எதை வைத்துச் சோதிப்பது என்றார் சார். ஐந்தும் ஐந்துமாக இரண்டு லென்ஸை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். கணக்குக்குப் பத்துதான், ஆனால் நடுவில் வெளிச்சம் மோதிப் பேய் மாதிரி இரண்டாவது படம் ஒன்று நின்றது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு மாரியம்மன் கோயில் பக்கம் உட்கார்ந்திருக்கும் கைரேகைக்காரர் நினைவுக்கு வந்தார். சயாமுக்குப் போனவன் திரும்புவானா என்று கேட்க ஊரே அவர்முன் கையை நீட்டிக்கொண்டு நின்றது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் ரேகை பார்ப்பார். அதைக் கேட்டு வாங்கிவந்து கடைச் சுவரோரம் பிடித்தேன். நாலு அங்குலத்தில் தெரு தலைகீழாக வந்து நின்றது. அதற்குப் பதிலாக அவருக்குப் படிக்கிற கண்ணாடி ஒன்று செய்து கொடுத்தோம். இரண்டு கையும் காலியாகிவிட்டதால், இனி பெண்பிள்ளைகளின் கையை நிதானமாகப் பிடித்துப் பார்க்கலாம் என்று மனிதர் குஷியாகப் போனார்.

இனிதான் கஷ்டம். பூதக்கண்ணாடி உள்ளங்கை அகலம், பிரேமோ அதில் பாதி. மேஜைமேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட தாளை விரித்து, லென்ஸை அதன்மேல் தூக்கிப் பிடித்து நகர்த்தினேன். உள்ளே தெரியும் கோடும் வெளியே இருக்கும் கோடும் ஒடியாமல் ஒரே நேராகச் சேரும் இடம்தான் லென்ஸின் மையம். அங்கே மையால் புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளி கண்மணிக்கு நேரே உட்கார வேண்டும், தள்ளிப்போனால் பார்ப்பதெல்லாம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பிறகு குறடு. விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுக்க வேண்டும், நகம் வெட்டுவதுபோல. பேராசைப்பட்டு ஒரு கடி பெரிதாகக் கடித்தால் விரிசல் நடுவுக்கு ஓடிவிடும். அப்புறம் பினாங்கு முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடையாது. ஒவ்வொரு கடிக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சார் எழுந்து வெளியே போய்விட்டார். பார்த்துக்கொண்டு நின்றால் என் கை நடுங்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த மனிதரிடம் எனக்கு மரியாதை என்ன, பாசமே வந்தது அன்றைக்குத்தான். கடித்த விளிம்பை நனைத்த சாணைக்கல்லில் வட்டமாகத் தேய்த்தேன். பார்வையற்ற இடது பக்கத்துக்கு ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றைத் தடிமனாகப் போட்டேன், இல்லாவிட்டால் பிரேம் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும்.

முடித்த கண்ணாடியைப் பெருமையோடு கண்ணில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பகீர் என்றது. மேஜைமேல் இருந்த சாரின் தேநீர்க் கோப்பை மங்கலாக, ஆனால் ஊதிப்போய்த் தெரிந்தது. கண்ணுக்கு உள்ளே இருக்க வேண்டிய லென்ஸை வெளியே மூக்குமேல் வைத்தால் சுவரில் விழும் படம் கால்பங்கு பெரிதாகிவிடும். இது எனக்குத் தெரிந்த பாடம்தான், அதுவரை உறைக்கவில்லை. குச்சி மாதிரி நிற்கிற கமலம் இந்தக் கண்ணாடியில் வாட்டசாட்டமாகத் தெரிவாள். கிழவிக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

ஓடிப்போய்ச் சாரிடம் சொன்னேன். பவரைக் கொஞ்சம் குறைத்து மங்கலாகவே கொடுத்துவிடலாம் என்றுகூடச் சொன்னேன்.

“கண்ணாடி செய்யிறது எங்கட வேலை, பிள்ளை” என்றார் அவர். “அதுக்குள்ளாலை என்ன பாக்கிறதெண்டது அவவின்ரை வேலை.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. டை கட்டிக்கொண்டு பேச வந்துவிட்டார் என்று மனசுக்குள் வைதேன். ஆனால் அன்று சாயந்தரம் வரை அவர் அந்த ஒரு கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

அவர்கள் வந்த அன்று கமலத்தின் இடுப்பில் ஒரு துணிமூட்டை இருந்தது. இரண்டு புடவை இருக்கும். அவளே கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

சார் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, முத்தாயி அம்மாளைத் தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். எல்லாம் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். கிழவி அசையாமல் நின்றார். பிறகு ஒரு பெருமூச்சு. பலகை தெரிகிறது என்றார், ரிக்‌ஷாக்காரன் பல் விளக்கவில்லை என்பது வரைக்கும் தெரிகிறது என்றார். சார் விடவில்லை. அந்தக் கூரையைப் பாருங்கோ, இந்த மூலையைப் பாருங்கோ, காகம் எத்தனை இருக்கிறது சொல்லுங்கோ என்று இழுத்துக்கொண்டே போனார். அவ்வளவு நேரம் அவர் யாரையும் தெருவைப் பார்க்க வைத்து நான் கண்டதில்லை.

“காக்கா எண்ணவா நான் வந்தேன்? அவ எங்க?” என்று கிழவி திரும்பிவிட்டார்.

கமலம் எழுந்து நின்றாள். மாமியார் அவளை மேலிருந்து கீழே பார்த்தார்.

“நல்லாத்தானே இருக்கே” என்றார். “தோளும் கன்னமும் நல்லாத்தானே வெச்சிருக்கே. நான் நெனச்சது சரியாப் போச்சு. அந்த மூட்டையக் குடு. என் மவன் வாங்கின பொடவை எங்கூட்டுல இருக்கட்டும். நீ போ.”

நான் வாயைத் திறப்பதற்குள் கிழவி மூட்டையைப் பிடுங்கக் கையை வீசினார். கை மூட்டை வரை போகவில்லை. அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் கிட்டே கொண்டுவந்து காட்டும், பழகாத கை பாதி வழியிலேயே மூடிக்கொள்ளும். வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு, எதைப் பிடித்தோம் என்று குனிந்தவரின் கண்ணாடிக்குள் அவருடைய கையே வந்து நின்றது.

“இது யாரு கை?” என்றார்.

“உங்கட கைதான், அம்மா” என்றார் சார். “கையெண்டாலும் முகமெண்டாலும் இது காப்பங்கு பெருப்பிச்சுத்தான் காட்டும்.”

முத்தாயி அம்மாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு கமலத்தைப் பார்த்தார்.

“கைய நீட்டுடி.”

அவள் நீட்டினாள். மாமியார் தன் கையை அதன் பக்கத்தில் ஒட்ட வைத்துக்கொண்டு, கண்ணாடியை நேராகப் பிடித்தபடி பார்த்தார். ஒரே கண்ணாடி, ஒரே வெளிச்சம், இரண்டு கை. கிழவியின் கை கை மாதிரி இருந்தது. மற்றதில் எலும்பும், நூல் போட்டுக் கட்டிய வளையலும் இருந்தன. அந்த நூலை விரலால் தொட்டார். தொட்ட விரலை எடுக்கவே இல்லை.

நீ என்னடி சாப்பிட்டாய் என்று கேட்டார். ஊபி என்றாள். ஊபி கிடைக்காத அன்றைக்கு என்று கேட்டார். சார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துடைத்து முடித்த லென்ஸையே துடைத்துக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், மறைக்கவும் இல்லை.

முத்தாயி அம்மாள் மருமகளின் இடுப்பிலிருந்த மூட்டையைத் தடவிப் பிடித்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். மற்றக் கையால் அந்த மெலிந்த மணிக்கட்டைப் பிடித்தார்.

“நட வீட்டுக்கு” என்றார். “இனிமே சோறு போடுறது நான். ரெண்டு தட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் போடுவேன்.”